முழுதாகப் படிக்காத சுற்றறிக்கை

மலேசியாவின் சிகாமட்டில் ஒரு தனியார் கிளினிக்கின் முகப்பில் வேலை செய்கிறேன். வருமானம் குறைந்தவர்களுக்கான இலவச மருத்துவ அட்டையின் விதிகளை அரசாங்கம் மாற்றிய வாரம் அது. லாபிஸிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆறுமுகம் அங்கிள், இதய மாத்திரை தீர்ந்துவிட்டதென்று அட்டையை நீட்டினார். புதிய பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"இந்த கார்டு இனிமே செல்லாது அங்கிள். புதுசா பதிஞ்சிட்டு வாங்க."

"சரிம்மா" என்று திரும்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்துத்தான் புதிய விதிகள் பற்றி வந்திருந்த சுற்றறிக்கையை முழுதாகப் படித்தேன். பழைய அட்டைக்காரர்களுக்கு ஆண்டு இறுதிவரை மருந்து தரலாம் என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு முந்தாநாள் தவறிட்டாரும்மா. பதியறதுக்கு பாரம்கூட எழுதி வச்சிருந்தாரு."

"தப்பு என்மேலதான் ஆண்ட்டி. அன்னிக்கே அவருக்கு மருந்து குடுத்திருக்கணும்" என்றேன்.

"கவுண்டர்ல இருந்த பொண்ணு தன்மையா எடுத்துச் சொல்லுச்சுன்னுதான் வந்து சொன்னாரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையில் அன்று நான் தன்மையாகப் பேசவில்லை. அந்த மனிதரின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.