ஆமென் சொல்லாத ஞாயிறு

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்கு ஆவி பறக்க அவித்த மரவள்ளிக்கிழங்கு வந்தது. மேலே தேங்காய்ப்பூ, ஓரத்தில் சர்க்கரை. "இன்னைக்கு ஸ்பெஷல்லா அண்ணே, ஒரு தட்டு கொண்டாரவா?" என்றார் கடைக்காரர். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் மூன்றரை வருஷம் அதைத் தின்று உயிர் வாழ்ந்தவனிடம் அதையே ஸ்பெஷல் என்று நீட்டினால் எப்படி இருக்கும்? பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் வாசனை விடுமா? காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உபதேசியார் வீட்டில் விட்டுவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கிள்ளானில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை கப்பலேறினார். எனக்கு ஏறக் கப்பல் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் உபதேசியார் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டேன். அவருக்கு வாரநாளில் ரயில்வே வேலை. ஞாயிற்றுக்கிழமை, போதகர் இல்லாத எங்கள் சின்னச் சபைக்கு அவர்தான் எல்லாம். நான் கொல்லையில் கிழங்கு நட்டேன்.

வேலையில்லாத வாலிபனைக் கண்டால் சயாமுக்கு ரயில் பாதை போட லோரியில் அள்ளிக்கொண்டு போன காலம் அது. போனவர்களிடமிருந்து கடிதம்கூட வரவில்லை. தெருவில் லோரிச் சத்தம் கேட்டால் போதும், என் பக்தி பொங்கிவிடும். உடனே ஒரு பொருத்தனை. "ஆண்டவரே, இந்த ஒரு தடவை காப்பாற்றும், வெண்ணெயை விட்டுவிடுகிறேன்." அடுத்த லோரிக்கு ரொட்டி. அதற்கடுத்ததற்கு டின் பால். கடையில் கிடைக்காத பொருளாகப் பார்த்துப் பார்த்துத்தான் தியாகம் செய்தேன். கிழங்கை விடுகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆண்டவர் சரி என்று சொல்லிவிட்டால்?

அந்த ஞாயிறு காலை உபதேசியார் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் முழங்காலில் நின்றோம். என் முறை. எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தால், அவர் ஆமென் சொல்லும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, எழக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. கூரை பற்றி எரிந்தாலும் ஆமெனுக்குப் பிறகுதான் தண்ணீர்.

நான் முடிக்கப்போகும் நேரம் வாசலில் லோரி நின்றது. கட்டுப்பாட்டை மீறி ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். இரண்டு பூட்ஸ் கால், மேலே துப்பாக்கி. பக்கத்தில் கையில் பட்டியலோடு, ஆள் பிடித்துக் கொடுக்கும் கண்ணாடிக்காரர். நம்ம தமிழர்தான். ஜெபச் சத்தம் கேட்டதும் அவர் கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. தலை குனிந்தது. சிப்பாய் ஏதோ உறுமினான். அவர் கையமர்த்தி, ஜப்பான் பாஷையில் என்னவோ முணுமுணுத்தார். புரிந்துவிட்டது. இந்த ஆளும் நம்மைப்போல ஒரு சபையில் வளர்ந்தவன், ஆமெனுக்காகக் காத்திருக்கிறான்!

கண்ணை மூடினேன். ஆமெனை விழுங்கினேன். தொடர்ந்தேன்.

விதவைகளுக்காக, அநாதைகளுக்காக, கடலில் பயணம் செய்கிறவர்களுக்காக ஜெபித்தேன். வியாதியஸ்தரைப் பேர் சொல்லி, வியாதியையும் சொல்லி ஜெபித்தேன். உபதேசியாரின் மூலவியாதி அன்றுதான் சபைக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ரத்தினம் அக்கா, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், அவருக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று மன்றாடினேன். விலாவில் முழங்கை இறங்கியது. பிறகு பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடம். ஆப்பிரிக்காவில் தொடங்கி நதி நதியாக ஆசீர்வதித்துக்கொண்டு வந்தேன். சீனாவில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது ரத்தினம் அக்கா குரல்: "ஆமா ஆண்டவரே, இன்னுங் கேளும். இந்தப் புள்ளைக்குப் பயத்துல வாய் அடைச்சுப்போச்சு, நான் சொல்றேன்." அவர் ஓய்ந்ததும் உபதேசியார். அவர் இருமியதும் இன்னொருவர். ஒருவருமே ஆமென் சொல்லவில்லை. இத்தனை நாள் தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தவனை யாரோ கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தண்ணீரில் மிதக்க விட்டதுபோல இருந்தது. விசுவாசம் என்பதை அதற்கு முன் நான் பாட்டில்தான் கேட்டிருந்தேன்.

வெளியே லோரி ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. கண்ணாடிக்காரர் என் காதருகே குனிந்தார். "தம்பி, இவ்வளவு பெரிய ஜெபம் எங்க ஊர்ப் பாதிரியாருக்கே வராது. நல்லா இரு." தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சிப்பாயும் போனான்.

"என் மூலத்தை ஏன்டா ஜப்பான்காரன் வரைக்கும் கொண்டு போனே?" என்றார் உபதேசியார். ரத்தினம் அக்கா, "வரன் வந்தா நீயே பாத்துச் சொல்லுலா" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம். கிழங்கு தின்றோம்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் குவார்ட்டர்ஸின் பின் வரிசை வீடுகளிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. டயர் கிடைக்காத நாட்கள். அந்த வரிசையில் குடியிருந்த முனியாண்டி தன் வீட்டு வாசலில் சைக்கிள் சக்கரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை விட்டுப்போன லோரியில் ஓர் ஆள் குறைந்தது. அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சக்கரம் பாதி சுற்றியபடி கிடந்தது.

சண்டை முடிந்ததும் ஸ்தோத்திர ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார் என்று ஆரம்பிக்க வேண்டும். அப்படியானால் முனியாண்டியை என்ன செய்தார்? சீனா வரைக்கும் ஜெபித்த வாய் திறக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். தாழ்மை என்று மெச்சினார்கள். அந்தக் கேள்வியை இன்றும் முழங்காலில் நின்றுதான் கேட்கிறேன். நிற்க வேறு இடம் எனக்குத் தெரியாது.

முனியாண்டி திரும்பவில்லை. அவர் மனைவி ஏதோ எஸ்டேட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த எஸ்டேட் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்க வேண்டி வருமே என்ற பயம். இப்போது கேட்கலாம் என்று துணிச்சல் வந்திருக்கிறது. உபதேசியார் இல்லை, ரத்தினம் அக்கா இல்லை, அந்த இரண்டு வரிசை வீடுகளும் இல்லை. கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.