புள்ளி மறைந்த மதியம்

அந்த லாரி டிரைவருக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வண்டி எங்கே நின்றாலும் முதலாளிக்கு மூக்கு வியர்த்துவிடும். ஆபீஸ் திரையில் வண்டி ஒரு நகரும் புள்ளி. அதனால் ஜிபிஎஸ் சிக்னலை அடைக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கியிருந்தான். மதியம் அதை வண்டியின் சார்ஜர் துளையில் செருகிவிட்டு ஓரங்கட்டிக் குறட்டை விடுவான். புள்ளி மறைந்ததும், 'தூங்கப் போயிட்டான்' என்று ஆபீஸே சிரிக்கும்.

அன்று பெட்டியைச் செருகியவன், ஓரங்கட்டுவதற்குள் கண்ணயர்ந்துவிட்டான். லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது.

"இன்னும் வீட்டுக்கு வரலைங்க," என்று இரவு அவன் மனைவி போன் செய்தாள்.

"எங்கயாவது தூங்கிட்டு இருப்பான்மா. எந்திரிச்சா புள்ளி தானா வரும்," என்றார் முதலாளி.

மறுநாள் மாலைதான் கண்டுபிடித்தார்கள். கால் நசுங்கி, விடியும்வரை உயிரோடு கிடந்திருக்கிறான். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்க நீட்டியிருந்த அவன் கைக்கு அது ஒரு சாண் தூரத்தில் எட்டாமல் இருந்தது.