மூன்று முறை ஓடிய எலிப்படம்

புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரிகிற வாடை முதலில் மூக்கில் ஏறும். அதன் பிறகே சுவரின் சதுரத் துவாரத்திலிருந்து ஒளி பாயும். உக்குவளையில், தகரக் கூரை போட்ட படக்கொட்டகையின் ஆப்பரேட்டர் அறைக்கு நேர் கீழே, கடைசி மர "வாங்கில்" நானும் என் தங்கை ராசமணியும் அமர்ந்திருந்த ஒரு தீபாவளிப் பிற்பகலைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். நான் எழுதுவதையெல்லாம் அவள் வாசிப்பவள் என்பதனால், அவள் இருந்தவரை எழுதவில்லை.

இலங்கை சுதந்திரமடைந்து பத்தாண்டுகள் ஆகியிருக்கலாம். எனக்கு வயது பத்து, அவளுக்கு ஆறு. அம்மா இறந்து ஓராண்டு நிறையவில்லை. புதுப் படத்துக்குத் தனிப் பிரதி வருவிக்கும் வசதி எங்களூர் முதலாளிக்கு இல்லாததால், மாத்தளை நகரத் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல்களை வட்டத் தகரப் பெட்டிகளில் இட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவருவது அப்பாவின் வேலை. ஊரில் அவருக்கு "ரீல் செல்லையா" என்று பெயர். படத்தின் முற்பாதியைக் கொண்டுவந்து இறக்கியதும் மறுபடி நகரத்துக்கு மிதிப்பார். இங்கே இடைவேளை மணி அடிப்பதற்குள் பிற்பாதியுடன் திரும்பிவிட வேண்டும்.

அவர் தாமதித்தால் ஓட்டுவதற்கென்று ஆப்பரேட்டர் காதர் நானாவிடம் ஒரேயொரு ரீல் இருந்தது. ஒரு பூனை ஓர் எலியைத் துரத்தும் வெள்ளைக்காரர்களின் கேலிச்சித்திரம். சனங்கள் அதை "எலிப்படம்" என்றார்கள். பூனை சுவரில் மோதி ரொட்டிபோலத் தட்டையாகும். இஸ்திரிப்பெட்டி தலையில் விழுந்து அதன் பற்கள் ஒவ்வொன்றாக உதிரும். வாலில் தீப்பற்றி, கூரையைப் பொத்துக்கொண்டு வானத்துக்குப் போய்த் திரும்பி வந்து விழும். விழுந்ததும் உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் அந்தப் படத்துக்காக ஏங்குவார்கள். எங்கள் வீட்டிலோ அதன் பெயரைச் சொல்லவும் அஞ்சுவோம். எலி திரைக்கு வந்தால், அப்பா வரவில்லை என்று பொருள்.

அந்த மழைக்காலத்தில் அது இரண்டு முறை நேர்ந்திருந்தது. தீபாவளியன்று காலை, சாரத்தை மடித்துக் கட்டிப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் முதலாளி சொன்னதை நான் அருகில் நின்று கேட்டேன்.

"செல்லையா, இன்னிக்கும் எலியக் காட்ட வச்சிட்டீன்னா, பொறகு நீ இங்க வரத் தேவல்ல. அறையையும் விட்டுரு."

அறை என்றது கொட்டகையின் பின்புறம் நாங்கள் மூவரும் குடியிருந்த அறையை. தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த காம்பரா அதற்குள் வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. திரும்பிப் போவதற்கு இடமில்லை.

இடைவேளை மணி அடித்தது. வெளியே தகரத்தை உடைக்கிறாற்போல மழை. தோட்டங்களிலிருந்து புதுச்சேலையும் பூவுமாக இறங்கி வந்த சனங்கள், கடலைச் சுருள்களோடு மீண்டும் வந்து அமர்ந்தார்கள். விளக்கு அணைந்தது; ஒளி பாய்ந்தது; எலி ஓடிவந்தது. கொட்டகை கூவிச் சிரித்தது. ராசமணி வாங்கின் மேல் ஏறி நின்று கைதட்டினாள். நான் பக்கக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நிமிடத்தில் படம் முடிந்தது. விளக்கைப் போடாமலே காதர் நானா அதைத் திரும்பவும் ஓட்டினார். இம்முறை சிரிப்பு பாதியாகக் குறைந்தது. பின்னால் ஒருவர் எழுந்து, "யோவ் காதர் நானா, பூனைக்கு மேலெல்லாம் வலிக்குதாம், விட்டுருய்யா!" என்றார். இன்னொருவர், "செல்லையா நேரா கள்ளுக் கொட்டிலுக்கு மிதிச்சிருப்பாரு. இன்னிக்குத் தீவாளியில்ல!" என்றார். அப்பா கள்ளைத் தொடாதவர். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற முதலாளி என் பக்கம் குனிந்து, "தம்பி, ஒங்கப்பா வந்தா சாமானக் கட்டச் சொல்லு" என்றார்.

மூன்றாவது முறை எலி ஓடிவந்தபோது சிரித்தவர்கள் எவருமில்லை. வாங்குகளைக் காலால் உதைக்கத் தொடங்கினார்கள். திரையின் மீது ஒரு தோடம்பழத் தோல் போய் விழுந்தது. ராசமணி கீழே இறங்கி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, அப்பா விழுந்துட்டாரா?" என்று கேட்டாள். பூனை அப்போதுதான் கூரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது.

திரைக்கு அருகேயிருந்த சிறு கதவு திறந்தது. அப்பா உள்ளே வந்தார். தலையிலிருந்து கால்வரை சேறு; ஒரு காலில் மட்டும் செருப்பு; வெற்று மார்பு. கழற்றிய சட்டையில் பெட்டிகளைச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். நொண்டிக்கொண்டு அவர் திரையின் குறுக்கே நடந்தபோது, பூனையின் உருவம் முழுவதும் அவர் மேல் விழுந்தது.

"பூனை எறங்கி வந்திருச்சுடோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

கொட்டகை குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். உரக்கவே சிரித்தேன். ராசமணி சிரிக்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டையை விட்டாள். கால்களுக்கிடையே புகுந்து அப்பாவிடம் ஓடினாள்.

கொக்கோத் தோட்டத்து வளைவில் சைக்கிள் சறுக்கியிருந்தது. பெட்டிகளின் மூடிகள் கழன்று, ரீல்கள் சேற்றில் உருண்டிருக்கின்றன. வழியிலிருந்த தேநீர்க்கடைக்குள் உட்கார்ந்து, அவற்றைச் சட்டையால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துச் சுற்றிப் பெட்டிகளில் வைத்து மூடி, சக்கரம் வளைந்த சைக்கிளை அங்கேயே விட்டு நடந்து வந்திருக்கிறார். வரிசை எண்களை மூடியின் மேல்தான் சோக்கட்டியால் எழுதுவார்கள். ரீலில் எழுதும் வழக்கம் கிடையாது. எந்த மூடி எந்த ரீலுக்குரியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

காதர் நானா எண்ணைப் பார்த்து ஓட்டினார். கதாநாயகனின் தாய் இறந்து, பாடையில் போய், எரிந்தாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ரீல் மாறியது. அதே தாய் அடுப்படியில் உட்கார்ந்து, மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற அப்பா கண்களை மூடிக்கொண்டதைக் கண்டேன். முதலாளி அவரை நோக்கி இரண்டடி வைத்தார்.

முன்வரிசையில் ஒரு தோட்டத்துப் பெண் கைகளைக் கூப்பிக்கொண்டு எழுந்தாள். "ஆத்தா எந்திரிச்சிட்டா! மாரியம்மா காப்பாத்திட்டா!"

"ஒக்காரு தங்கச்சி, மறைக்குது!" என்றார் பின்னாலிருந்தவர். அதற்குள் விசில் கிளம்பிவிட்டது. கைதட்டல் மழைச் சத்தத்தை மூடியது. பூனை மூன்று முறை செத்துப் பிழைத்ததைச் சற்று முன்புதான் பார்த்திருந்தவர்கள், ஒரு தாய் பிழைத்ததை ஏன் மறுக்க வேண்டும்? முதலாளி நின்ற இடத்திலேயே நின்றார். சனங்களைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "போயி மருந்து போட்டுக்க. நாளைக்கும் ரெண்டு காட்சி இருக்கு" என்றார்.

மறுநாள் படம் சரியான வரிசையில் ஓடியது. ராசமணி அதைப் பார்க்க வர மறுத்துவிட்டாள். பிற்காலத்தில் இருவரும் படித்து உத்தியோகம் பார்த்து, பேரப்பிள்ளைகள் கண்ட பின்பும், தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தால் தாய் இறப்பதற்கு முன்பே எழுந்துபோய்விடுவாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சீமெந்து மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரீலும் இல்லை, தகரப் பெட்டியும் இல்லை. படம் கைபேசிக்குள் வருகிறது. அப்பாவும் காதர் நானாவும் போய் நெடுங்காலமாயிற்று.

கடந்த மாசியில் ராசமணியின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அமர்ந்திருந்தபோது, அன்று சிரித்ததைப் பற்றி அவளிடம் சொல்லிவிட வேண்டுமென்று இருந்தேன். அவளாகவே கண்ணைத் திறந்தாள்.

"அண்ணே, அந்தப் படத்துல அம்மா எந்திரிச்சு வந்து சோறு போடுவாங்கல்ல?"

"ஆமாம்மா. போடுவாங்க."

அவள் களைத்துப்போயிருந்தாள். மற்றதை நாளைக்குச் சொல்லலாமென்று போர்வையை இழுத்துவிட்டு எழுந்து வந்தேன்.