நிமிடத்துக்கு ஐந்து சொல்

ஜூஜுவாடி செக்போஸ்டில் வரிசையாக நிற்கும் லாரிகளின் நம்பர் பலகைகளைப் பார்த்து ருக்மணி முணுமுணுக்கிறார்: "டா டிட் டா... டிட் டா." கே, ஏ: கர்நாடக வண்டி. கம்பெனி பஸ் வரும்வரை இந்தத் தந்திமொழிதான். புதிதாகப் பார்ப்பவர்கள் சாமி வந்துவிட்டதென்று சற்று ஒதுங்கி நிற்பார்கள்.

முப்பத்திரண்டு வயது. டிரான்ஸ்பார்மர் கம்பெனியில் என்னோடு காயில் சுற்றுகிறார். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. ஹாம் ரேடியோ லைசென்ஸ் உண்டு; தானே செய்த கருவியில் பெயர் தெரியாத ஊர்களோடு பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு ஆரம்ப லைசென்ஸ் தேர்வுக்குச் சொல்லித் தருவார். "நிமிசத்துக்கு அஞ்சு வார்த்தை தட்டுனா போதும் கண்ணு. கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குது, எதுக்குப் பயப்படற?"

அப்படி வந்தவன்தான் உத்தனப்பள்ளி வெங்கடப்பன். பதினெட்டு வயதில், தொண்ணூறாம் வருடம், தேர்வில் தேறினான். போலீஸ் விசாரணை முடிந்தால் லைசென்ஸ் வரும். அதுவரை கேட்க மட்டும் ஒரு ரிசீவர் செய்து, புளியமரத்தில் கம்பி இழுத்துக் கட்டினான்.

மறுவருடம் மே மாதம் பெரிய தலைவர் ஒருவர் குண்டுவெடிப்பில் இறந்தார். கொன்றவர்கள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்று செய்தி; வயர்லெஸ் என்ற சொல்லே குற்றமாகிப்போன நாட்கள். விண்ணப்பத்தில் இருந்த முகவரியைக் கேட்டுக்கொண்டு போலீஸ் ஜீப் வந்து வெங்கடப்பனை ஏற்றிக்கொண்டு போனது. ருக்மணி தன் லைசென்ஸோடு ஸ்டேஷனுக்கு ஓடினார். மூன்று நாள் அவரை வெளியிலேயே உட்கார வைத்தார்கள். பையனை விட்டபோது அவன் இடது காதில் ரத்தம் உறைந்திருந்தது. வலது காதில் ஓயாத இரைச்சல், இன்றுவரை நிற்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவனுக்கு லைசென்ஸ் வந்தது. சேதி கேட்டு ருக்மணி உத்தனப்பள்ளி போனார். பையனின் அம்மா கெம்பம்மா வாசலை விட்டு நகரவில்லை. "பேப்பரு வந்துருச்சு. காது எப்பம்மா வரும்?"

இதைச் சொன்னபோது ருக்மணி என்னைப் பார்க்கவில்லை. "பயப்படாதன்னு நாந்தானே சொன்னேன்" என்றார்.

உத்தனப்பள்ளி போய்வந்தபின் ஆறு மாதம் வகுப்பு நடக்கவில்லை. பிறகு சூளகிரியிலிருந்து செல்லி என்ற பெண் தானாகத் தேடி வந்தாள். இரண்டு முறை திருப்பி அனுப்பியும் மூன்றாம் முறை வந்தாள். பதினாறு வயது. போன மாதம் தேறிவிட்டாள்.

சென்ற ஞாயிறு நான் போயிருந்தபோது லைசென்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அக்கா, அட்ரஸ் எழுதணும். எங்கூட்டு நம்பரு..."

"இரு கண்ணு."

ருக்மணி தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவை வாங்கி, வீட்டு முகவரி என்ற இடத்தில் தன் ஜூஜுவாடி வீட்டின் கதவு எண்ணைத் தெளிவாக எழுதினார்.