ஆளுக்கு ஏழு கிலோ

அமீர்பேட் விடுதி அறையில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலித் தோழிக்கு ஸ்கூட்டர் விபத்தில் வலது கால் முறிந்து, உள்ளே தகடு வைத்து, எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நடக்கலாம், ஏறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் தன் காலின் மேல் நம்பிக்கை வரவில்லை. மெட்ரோ படிகளில் கைப்பிடியை விடமாட்டாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடும்படி அவளுடைய அப்பா தினமும் அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் அனந்தகிரி மலையில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்ற யோசனையை அவளே எடுத்துவந்தாள்.

"என் சாமான நானே சொமந்து மேல ஏறிட்டேன்னா இங்கயே இருப்பேன். முடியலன்னா திங்கக்கிழமை வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருவேன்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரங்களை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. மாலைதோறும் கட்டில்மேல் பட்டியல் போடுவோம், அடிப்போம், மீண்டும் எழுதுவோம். பேகம்பேட்டில் ஒரு சந்துக் கடையில் கூடாரமும் உறக்கப் பைகளும் வாடகைக்கு எடுத்தோம். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது காபி விற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் நடை தானாகத் தளர்கிறது.

மூன்றாமவள் எங்கள் அலுவலகத் தோழி. மூன்று தலைமுறையாக இதே நகரத்து மெட்டுகுடாவில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள்; அவள் தமிழில் உள்ளூர் உருது கலந்திருக்கும். அவள் தன் பங்குக்கு ஐந்து லிட்டர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, மலைக்குப் போறமா, மறுவீட்டுக்குப் போறமா?" என்றாள் திருநெல்வேலிக்காரி.

"ஹவ், ஆமா, இப்ப சிரிங்க. அங்க போய் பசிச்சா, கைக்கு, ஏன்டி விட்டுட்டு வந்தோம்னு நீங்கதான் அழுவீங்க."

குக்கர் மெட்டுகுடாவுக்கே திரும்பிப் போனது. ஆனால் பாரத்தைக் கூட்டியவள் நான். சமூகப்பணி படித்தவள் என்பதால், நாம் எறிந்துவிட்டு வரும் காகிதத் தட்டை யாரோ ஒரு பெண் குனிந்து பொறுக்க வேண்டியிருக்கும் என்று வாதிட்டேன். காகிதத் தட்டுக்குப் பதில் எவர்சில்வர் தட்டுகளும், வாங்கி எறியும் புட்டிகளுக்குப் பதில் தண்ணீர்க் கேன்களும் பட்டியலில் ஏறின. கொள்கை சரிதான், அதை யாருடைய முதுகு சுமக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பழைய பேப்பர் வாங்குபவரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கிப் பைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். ஆளுக்கு ஏழு கிலோ வந்தது. கூடாரக் கம்பிகளும் ஒரு கேனும் திருநெல்வேலிக்காரியின் பங்கு.

புறப்படும் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் பிசகினால்? என் தட்டுகளால் கூடிய பாரம் அல்லவா? கம்பிகளையும் கேனையும் உருவி என் பைக்குள் வைத்தேன். காலியான இடத்தில் என் ஸ்வெட்டரையும் துண்டையும் பொரிப் பொட்டலத்தையும் திணித்தேன். அவள் வந்ததும் நானே பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

ரயிலில் விகாராபாத், அங்கிருந்து ஆட்டோவில் மலையடிவாரம். மழை பெய்து ஓய்ந்த செம்மண் பாதையில் அவள் எங்களுக்கு முன்னால் ஏறினாள்.

"இதுவாட்டி ஏழு கிலோ? பஞ்சு மூட்டையால்லா இருக்கு! எங்க அப்பா பாக்கணும் இத."

என் தோள்களைப் பட்டைகள் அறுத்துக்கொண்டிருந்தன. அந்த வலியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்று அதை எழுதக் கூசுகிறது.

கூடாரம் அடிக்க அனுமதியுள்ள மேட்டை அடைந்தபோது மணி நான்கு. அவள் கம்பிகளை எடுக்கப் பையைத் திறந்தாள். ஸ்வெட்டர் வந்தது, துண்டு வந்தது, பொரி வந்தது.

"கம்பி இவ பேக்ல இருக்குதே. தண்ணி எடுக்கறப்போ பார்த்தேன்" என்றாள் மெட்டுகுடாக்காரி, ஒன்றும் அறியாதவளாக.

"எப்ப எடுத்த?"

"காலைல. உனக்கு வலிக்குமேன்னு..."

"வலிச்சா எனக்குத் தெரியாதாட்டி? எங்க அப்பாவும் இதையேதான் சொல்லுதாரு." பிறகு குரல் தாழ்ந்தது. "இப்ப நான் ஏறுனேனா, நீ ஏத்திவிட்டியா?"

என் பையிலிருந்து கம்பிகளை எடுத்துக் கீழே வைத்தேன். மூவரும் சேர்ந்து கூடாரத்தை எழுப்பினோம். மூடுபனி இறங்கியது, ஈரத்துணி வாசம், புளிசாதம். நான் ஆசைப்பட்டவை எல்லாமே அங்கிருந்தன. அவள் மட்டும் எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள்.

விடிந்ததும் அவளே கூடாரத்தைப் பிரித்தாள். மூன்று பைகளையும் கொட்டி, கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பங்கிட்டாள். கம்பிகளும் நிரப்பிய கேனும் அவள் பைக்குள் போயின.

"கீழ தெரியுத அந்த ஆலமரம் வரைக்கும் எறங்கி, மறுபடி ஏறப் போறேன். நீயும் வா. ஏறும்போது நீ முன்னால நட. திரும்பிப் பாக்கப்படாது."

"நக்கோ அம்மா, எனக்கு ஒரு ஏத்தம் போதும். நான் தட்டுக்குக் காவல் இருக்கேன்" என்று மெட்டுகுடாக்காரி பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆலமரத்தடியிலிருந்து நான் முன்னால் ஏறினேன். எனக்குப் பின்னால் கேனில் தண்ணீர் தளும்பும் ஓசை, அவளுடைய மூச்சு. செங்குத்தான திருப்பத்தில் கற்கள் சரிந்தன. கம்பிகள் ஒன்றோடொன்று மோதின. பிறகு ஓசையே இல்லை. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. ஒரு கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்து நின்றேன். அவ்வளவு நேரம் ஒருவருக்காக ஒன்றுமே செய்யாமல் நான் நின்றதில்லை.

"நடட்டி. என்ன நிக்க?"

நடந்தேன். மேட்டுக்கு வந்ததும் பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. சற்று நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு தொலைபேசியில் பேசத் தொடங்கினாள்.

"அப்பா, கால் வலிக்கத்தான் செய்யுது. ஆமா, நல்லாவே வலிக்கு. நான் இங்கதான் இருக்கப் போறேன்."