ஞாயிற்றுக்கிழமை முகாமும் பிலோவின் மீன் கூடையும்

விம்கோ நகருக்கு நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. திருவொற்றியூரில் என்னோடு படித்த பிலோமினா, பொங்கலுக்குப் போனில் பேசும்போது, "மார்ல கட்டி மாரி இன்னாவோ கீதுமே" என்றாள். விம்கோ நகர்ச் சந்தையில் மீன் விற்கிறாள். எவ்வளவு கெஞ்சியும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போன ஞாயிறு அதே பகுதியில் பெண்களுக்கு இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் என்று நர்ஸ் தோழி ஷகிலா சொன்னதும், கோவையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பிவிட்டேன்.

சென்ட்ரலிலிருந்து மெட்ரோ, முப்பது ரூபாய் சொச்சம், அரை மணி நேரம். எங்கள் காலத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகரவே நகராது. ஜன்னல் வழியே திருவொற்றியூர்த் தேரடியைப் பார்த்ததும் பழைய தண்ணீர் வரிசை நினைவுக்கு வந்தது. தண்ணீர் லாரி வரும் நாட்களில் பிலோ தன் குடத்தோடு என் குடத்தையும் வரிசையில் வைத்து, யாரையும் நகர்த்த விடமாட்டாள். நான் ஆடி அசைந்து வந்து நிரப்பிக்கொண்டு போவேன்.

ஸ்டேஷனிலிருந்து முகாமுக்கு நடைதான். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்று பேனர் தொங்கியது. பத்து மணிக்கும் நாற்காலிகள் காலி. லீவு நாளாயிற்றே, எல்லோரும் வருவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்திருக்கிறார்கள் புண்ணியவான்கள்! ஊரே மீன் குழம்பு வைக்கும் நாளில் மீன்காரிக்கு ஏது லீவு? முகாமில் வேலையாக இருந்த ஷகிலாவை இழுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

"இன்னாமே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?" பிலோ சிரித்தாள். முகாம் என்றதும் சிரிப்பு நின்றது. "யாவாரம் கீற நாளு இது. கூடய யார் பாக்கறது? மத்தியானமா வர்றேன்."

"ஒரு மணிக்கு முகாம் வண்டி கிளம்பிடும்டி."

"மீனு வாடையோட டாக்டராண்ட எப்டி நிக்கறது?"

"எங்க வூட்லயும் இன்னிக்கு மீனுதான், வா புள்ள," என்றாள் ஷகிலா.

வியாபாரம் பாதிக் காரணம்தான், மீதி பயம். அவளை எழுப்பி ஷகிலாவோடு அனுப்பிவிட்டு, அவள் பலகையில் நான் உட்கார்ந்தேன்.

வியாபாரமா அது? கேட்ட விலைக்கெல்லாம் சங்கராவை அள்ளிக் கொடுத்தேன். பக்கத்துக் கூடைக்காரி கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "யக்கா, மீன தானமா பண்ற?" என்று என் வாடிக்கையையும் சேர்த்து அவளே பார்த்தாள். பிலோ திரும்பி வந்ததும் அவள் முகத்தைப் பார்த்த கன்னியம்மா, "நானும் போயாந்துடறேன். எங் கூடயயும் பாத்துக்கங்க" என்று எழுந்தாள். அவளுக்கு அடுத்தவளும் எழுந்தாள்.

பிலோ என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஊசி வுட்டு சத எடுத்துப் பாக்கணுமாம். புதங்கெயம பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. வெள்ளிக்கெயமன்னா யாவாரம் டல்லு, அன்னிக்கு வர்றேன்னேன். தள்ளிப் போடாதன்னு திட்டறாங்க." சொல்லிக்கொண்டே கூடையில் மிச்சமிருந்த மீனை எண்ண ஆரம்பித்தாள்.

அன்றிரவு எனக்குத் திரும்பும் ரயில். டிக்கெட்டை ரத்து செய்தேன்.

வடசென்னையில் இப்படி முகாம் நடத்த நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வையுங்கள், அன்று மீன் வாங்க ஆள் குறைவு. சந்தைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கை கால் கழுவத் தண்ணீரும் சோப்பும் வாசலிலேயே இருக்கட்டும். மருத்துவர்களோடு, கூடை பார்த்துக்கொள்ள நாலு பேரையும் கூட்டி வாருங்கள்; மீன் விலை தெரிந்தவர்களாக இருந்தால் உத்தமம்.

இதைப் புதன்கிழமை காலை போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஷகிலா பிலோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். பிலோவின் பலகையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சற்றுமுன் புதிதாக வந்த ஒருத்தி, இங்கே கூடையை இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஆள் இருக்கு" என்றேன். "வந்துடுவா."