துடித்த சிவப்புப் புள்ளி

எண்டோஸ்கோபி அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அந்த நர்ஸுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்ததே டாக்டர்தான். வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார். "பொத்தான் அந்துபோனது எனக்கே தெரியாது, இவளுக்குத் தெரிஞ்சுடும்" என்று அலுத்துக்கொள்வார், உள்ளூரப் பெருமையோடு.

அன்று வந்த நோயாளி, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். முகம் வெளிறிக் கிடந்தது.

"வருஷத்துல மூணு தடவை ரத்தம் ஏத்திட்டாங்கம்மா. பாதி வழியில அசந்துடறேன். கத்துக்க வர்றவங்கதான் என்னைத் தட்டி எழுப்புறாங்க."

"கவலைப்படாதீங்க சார், இன்னைக்குக் கண்டுபிடிச்சுடலாம்" என்று சிரித்தபடி மயக்க ஊசிக்குத் தயார் செய்தாள்.

இரைப்பையும் பெருங்குடலும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது, அங்கே ஒன்றுமில்லை. அவர் விழுங்கிய கேமரா மாத்திரைதான் சிறுகுடலில் ரத்தம் இருப்பதாகக் காட்டியிருந்தது. ஒரு மணி நேரம் கேமரா பொருத்திய குழாயை மெல்ல மெல்ல உள்ளே செலுத்திய பிறகு, திரையில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது.

"முதல் வகைதான் சிஸ்டர். சூடு வச்சுடலாம்" என்றார் டாக்டர்.

சும்மா சிவந்திருக்கும் புள்ளி முதல் வகை. சூடு வைத்தாலே அடங்கிவிடும். நாடி மாதிரித் துடித்தால் இரண்டாம் வகை. அது தமனி, கிளிப் போட்டு இறுக்க வேண்டும். துடிக்கும் புடைப்பைச் சுற்றிச் சிரைகளும் வீங்கியிருந்தால் மூன்றாம் வகை, அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அது துடிக்குது."

"குடல் அசையுதும்மா."

"குடல் இஷ்டத்துக்கு அசையும். இது ஹார்ட் மானிட்டர் சத்தத்தோட சேர்ந்து துடிக்குதே!"

டாக்டர் கையை அசைக்காமல் பிடித்தார். ஒரு பீப், ஒரு துடிப்பு. இன்னொரு பீப், இன்னொரு துடிப்பு. அடுத்ததில் மெல்லிய கோடாக ரத்தம் பீறிட்டது.

"அம்மாடி! இரண்டாம் வகை. கிளிப் குடுங்க, சீக்கிரம்!"

இரண்டு கிளிப்பில் ரத்தம் நின்றது. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த நோயாளி கன்னமெல்லாம் சிவந்து வந்தார். ஆறில் கிடந்த ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

"டாக்டர் எல்லாத்தையும் சொன்னார்மா. உங்களுக்கு கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதே."

"திங்கக்கிழமை காலையில ஆறரைக்குக் கத்துக்க வந்துடுங்க."

போனாள். பின்சீட்டில் வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.